வட்டத்தின் முதுகு

க்ளெமோன் கோஜிதூர் எடுத்த அந்தப் படம் சுமார் ஆறு நிமிடம்தான். 2017-இல் பாரிஸ் ஓபரா தன்னுடைய இணைய மேடைக்காகத் தயாரித்தது. பெயர் 'லே ஸாந்த் கலாந்த்'. ஜான்-ஃபிலிப் ரமோ 1735-இல் அரங்கேற்றிய ஓபரா-பாலேயின் பெயரும் அதுதான். 'காதல் வழியும் இந்தியாக்கள்' என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம். அங்கே இந்தியா என்றால் நம்ம ஊர் இல்லை. துருக்கி, பெரு, பாரசீகம், வட அமெரிக்கக் காடு என்று ஐரோப்பாவுக்கு வெளியே தூரத்தில் இருந்த எல்லாமே அன்றைய பாரிஸ்காரர்களுக்கு ஒருவகை இந்தியாதான்.

படத்தில் கதை கிடையாது. பாஸ்டீல் ஓபராவின் மேடை, சுற்றிலும் இருட்டு. தெருவில் போட்டுக்கொண்டு திரிகிற உடுப்போடு இளைஞர்கள், இளம்பெண்கள். வட்டமாக நிற்கிறார்கள். ரமோவின் இசை தொடங்குகிறது. முதலில் தலைகள் மட்டும் அசைகின்றன. பிறகு ஒருவர் நடுவே வருகிறார். மார்புக்கூட்டை உள்ளேயிருந்து யாரோ குத்தியதுபோல உடம்பு வெடிக்கிறது. கால் தரையை மிதிக்கிறது, கை காற்றை அடித்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் கத்தி உசுப்பேற்றுகிறார்கள். இன்னொருவர் வருகிறார். கேமரா அந்த வட்டத்துக்குள் அவர்களில் ஒருவரைப்போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வியர்வை தெரிகிற தூரம்.

இந்த ஆட்டத்துக்குப் பெயர் க்ரம்ப். 2000-த்தின் தொடக்கத்தில் தெற்கு லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தது. அதற்கு முந்தைய கதை இன்னும் விசித்திரமானது. 1992-இல், ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டு நகரம் எரிந்த வருடம், டாமி த க்ளவுன் என்று அழைக்கப்பட்டவர் பிறந்தநாள் விழாக்களில் கோமாளி வேடமிட்டு ஆடத் தொடங்கினார். பிள்ளைகள் அவர் பின்னால் போனார்கள். வளர்ந்ததும் அவர்களில் சிலருக்குக் கோமாளித்தனம் போதவில்லை. டைட் ஐஸ், பிக் மிஜோ என்ற பெயர்களில் அறியப்படுகிற இருவரும் அவர்களுடைய நண்பர்களும் அதையே கடுமையான ஒன்றாக மாற்றினார்கள். கேக் வெட்டுகிற வீட்டில் பிறந்து தெருமுனைக்கு வந்த கோபம் என்று சொல்லலாமா தெரியவில்லை, ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அடிதடிபோலத் தெரியும், யாரும் யாரையும் அடிப்பதில்லை.

அந்த ஆட்டத்தின் மேல் 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவைக் காலத்து இசை. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. கையில் மயிர் எழுந்து நின்றது என்பதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கட்டுரை அந்தப் புல்லரிப்பைப் பற்றியதுதான். எனக்கு அது வருவதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள், அந்தக் கணக்கு தெரிந்தபிறகும் அது எனக்கு உரியதுதானா என்பதுதான் கேள்வி.

அந்த இசையின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும். 'லே சொவாஜ்'. காட்டுமிராண்டிகள்.

1725 செப்டம்பரில் பாரிஸின் இத்தாலிய நாடக அரங்கில் இரண்டு பேர் ஆடினார்கள். லூசியானாவிலிருந்து, அதாவது அன்று பிரான்ஸ் தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட மிசிசிப்பிக் கரையிலிருந்து, அழைத்து வரப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடிகள். பார்வையாளர்களில் ரமோவும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 40 கடந்திருந்தது, ஓபரா உலகில் இன்னும் பெயர் எடுக்கவில்லை. பார்த்ததை ஹார்ப்சிகார்டுக்கு ஒரு சின்னத் துண்டாக எழுதினார். இரண்டு வருடம் கழித்து ஓர் எழுத்தாளரிடம் ஓபராவுக்கு வசனம் கேட்டு எழுதிய கடிதத்தில் தன் திறமைக்குச் சான்றாக அதையும் குறிப்பிட்டார். 1736-இல் 'லே ஸாந்த் கலாந்த்' ஓபராவுக்குப் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தபோது அந்தத் துண்டை வாத்தியக் குழுவுக்கு விரித்து, காட்டுவாசிகள் சமாதானப் புகைக்குழாயைச் சுற்றி ஆடும் நடனமாக வைத்தார். அதைத்தான் நாம் இன்று கேட்கிறோம்.

ராண்டோ வடிவம். தலைமெட்டு ஒன்று வரும், விலகும், திரும்ப வரும். நம் பல்லவி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தடவை கேட்டால் போதும், பாத்திரம் கழுவும்போது வாயில் வந்துவிடும். அவ்வளவு கெட்டியான மெட்டு. அந்த இருவரின் ஆட்டத்தில் ரமோ என்ன கேட்டார், எவ்வளவு கேட்டார் என்பதை மெட்டு சொல்லாது. அதில் பூர்வகுடி இசையின் சுவடு பெரிதாக ஒன்றும் இல்லை. கனமான மிதி மட்டும் இருக்கிறது. ஒருவேளை அரங்கின் மரத்தரையில் விழுந்த அந்தக் கால்களின் ஓசைதான் அதுவோ என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஆதாரமில்லாத நினைப்பு. ஆனால் அதை நினைக்காமல் என்னால் அந்த இசையைக் கேட்க முடிவதில்லை.

வேடிக்கை பார்க்கப்பட்டவர்களிடமிருந்து ஒரு மெட்டு எடுக்கப்படுகிறது, அதற்குக் காட்டுமிராண்டிகள் என்று பெயர் வைக்கப்படுகிறது. கிட்டத்தட்ட 290 வருடம் கழித்து, பெரும்பாலும் கறுப்பின, புலம்பெயர் குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அதே மெட்டுக்கு, அதே ஓபராவின் மேடையில், வேறொரு கோபத்தை ஆடுகிறார்கள். படத்தின் கருத்து இவ்வளவுதான். நல்ல கருத்துதான். ஆனால் கருத்து யாருக்கும் புல்லரிப்பு தராது.

படத்தை நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். பறை வாசிப்பவன். வார நாட்களில் வேறு வேலை. பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டான்.

"மச்சான், நல்லாத்தான் ஆடுறாங்க. ஆனா உனக்கு எதுக்குப் புல்லரிச்சுதுனு யோசி. அந்தப் பசங்க அவங்க ஏரியாவுல அவங்க பாட்டுக்கு ஆடுற வீடியோ ஆயிரம் கெடக்குது. அதெல்லாம் பார்த்தியா நீ? வயலின் வந்தாத்தான் உனக்கு ரோமம் நிக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "எங்க ஊர்ல நான் வாசிச்சா அது சாவு மேளம். இங்க ஆடிட்டோரியத்துல ஒரு வயலின்காரர் பக்கத்துல நின்னு வாசிச்சப்போ முடிஞ்சதும் ஒரு அம்மா வந்து கையப் புடிச்சுட்டு அழுதாங்க. அதே அடிதான்டா. ஒரு அடி மாத்தல."

அவன் சொன்னது எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாவின் கண்ணீர் பொய்யில்லை, அவனுக்கும் அது தெரியும். அவன் கேட்டது அந்தக் கண்ணீருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்பது. வயலின் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறது: இதைக் கேட்டு நீ அழலாம், இது கலை.

அவன் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டேன்.

அது வேறு படம். ரமோவோடு பார்த்தபோது ஓர் அலைபோல எழுந்து விழுந்த கூட்டம் இப்போது தனித்தனி ஆட்களாகப் பிரிந்துவிட்டது. ஒருவருடைய தாடை இறுகுவது தெரிந்தது. ஒரு பெண் நடுவே வருவதற்கு முன் மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல இருந்தது. கூடவே சொல்லத்தான் வேண்டும், கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு கோபமான உடம்புகளோடு நான் நின்றதில்லை. இசை ஓடும்போது அந்தப் பயம் வரவேயில்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இங்கே எனக்கு உதவியது. மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி என்று அது தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேயைக் கண்டு நடுங்குகிறவன் ஒருவன், அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவன் இன்னொருவன், சுவை யாரிடம் பிறக்கிறது என்ற கேள்வி உரையாசிரியர்களுக்கும் இருந்திருக்கிறது. வட்டத்துக்கு நடுவே இருப்பவரிடம் நடப்பது வெகுளியும் பெருமிதமும். சத்தமில்லாமல் பார்க்கிற என்னிடம் அச்சம். ரமோவோடு பார்க்கிற என்னிடம் மருட்கை, வியப்பு. ஆக இசை ஆடுகிறவர்களைத் தொடவேயில்லை. என்னிடமிருந்த அச்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வியப்பை வைத்தது. செவ்வியல் இசை காட்டைச் சாந்தப்படுத்தும் என்று ஐரோப்பாவில் ஆர்ஃபியஸ் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை இருக்கிறது. சாந்தமாவது காடு இல்லை, பாக்ஸில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. எந்த நடனத்தின் மேல் எந்த இசையை வைத்தாலும் நம் மூளை பொருத்தம் கண்டுபிடித்துவிடும். மாயா தேரன் 1945-இல் நடனக்கலைஞர் டாலி பீட்டியை வைத்து எடுத்த 'கேமராவுக்கான நடன அமைப்பில் ஒரு பயிற்சி' ஊமைப்படம். காட்டில் தூக்கிய கால் ஒரு வீட்டின் அறைக்குள் இறங்கும். அங்கிருந்து அருங்காட்சியகக் கூடம். இடம் அறுந்துபோகும், அசைவு அறாது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் கீழே நான் பாக்கின் செலோ தொகுப்பை ஓடவிட்டிருக்கிறேன், தவில் தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டிருக்கிறேன், ஒரு தடவை கானா பாட்டையும். மூன்றும் பொருந்தின. மூன்றிலும் பீட்டி அந்த இசைக்காகவே குதித்ததுபோல இருந்தது. மெர்ஸ் கன்னிங்ஹாமும் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியாகச் செய்து மேடையில்தான் சேர்த்தார்கள், அதுவும் இதைத் தெரிந்துகொண்டுதான். எனவே 'ரமோவும் க்ரம்ப்பும் எப்படி இப்படிப் பொருந்துகிறது!' என்று மாய்ந்துபோவதில் பெரிய அர்த்தமில்லை. எதுவும் பொருந்தும். எதை எதன் மேல் வைக்க ஒருவர் தேர்ந்தெடுக்கிறார், வைத்ததும் யார் முன்னால் வருகிறார், யார் மறைகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே கேள்வியோடு இன்னொரு படத்தைப் பார்த்தால் வேறு பதில் வருகிறது.

பெல்ஜிய இசையமைப்பாளரும் இயக்குநருமான தியரி டி மே எடுத்தது, 'ப்ரெலூட் அ லா மெர்'. கடலுக்கு ஒரு முன்னிசை. நடன அமைப்பு அன்னா தெரேசா டி கீர்ஸ்மேக்கர். இசை டெபூசியின் 'ஃபான் ஒன்றின் பிற்பகலுக்கான முன்னிசை', 1894. புல்லாங்குழல் ஒன்று சோம்பலாகக் கண்விழிக்கிற தொடக்கம். கேட்டவுடன் ஈரமும் நிழலும் வந்துவிடும். ஆட்டம் நடக்கிற இடம் ஏரல் கடலின் வறண்ட படுகை. ஒரு ஆண், ஒரு பெண். கண்ணுக்கெட்டியவரை வெளிறிய தரை.

ஏரல் ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-களில் தொடங்கி அமு தர்யா, சிர் தர்யா என்ற இரண்டு நதிகளின் தண்ணீரையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது சோவியத் அரசு. ஏரி சுருங்கியது, உப்பேறியது, மீன் செத்தது. 2000-களின் பிற்பகுதியில் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். துறைமுக ஊராக இருந்த மொய்னாக்கில் துருப்பிடித்த மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நிற்கிற படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படுகையிலிருந்து உப்போடும் பூச்சிமருந்தோடும் எழுந்த புழுதியை மூச்சில் இழுத்தவர்கள் கரக்கல்பாக் மக்கள். பருத்தியும் அவர்கள் பறித்ததுதான்.

படம் அழகு. மறுப்பதற்கில்லை. டெபூசியின் இசை தண்ணீரை நினைக்கிறது, தரையில் தண்ணீர் இல்லை, அந்த இடைவெளியில் இரண்டு உடல்கள் நெருங்குவதும் விலகுவதுமாக இருக்கின்றன. போய்விட்ட கடலுக்கு முன்னிசை என்ற தலைப்பின் கசப்பும் புரிகிறது. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று அதோடு ஒட்ட மறுக்கிறது. பலமுறை யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான்: அந்தப் படத்தில் அழகுக்கு யாரும் கூலி கேட்கவில்லை. தரை பேசாது. கேமராவைத் திரும்பிப் பார்க்காது. உப்பு வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான், அது எப்படி அங்கே வந்தது என்பதைப் படம் பார்க்கிறவர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவருக்கு அது நிலாவின் தரைபோல ஓர் அபூர்வமான லொகேஷன்.

கோஜிதூரின் படத்தில் அந்த வசதி கிடையாது. காயம் யாருடையதோ அவர்களே நடுவில் நிற்கிறார்கள். முகத்தை நேரே கொண்டுவருகிறார்கள். இசையைத் தெரியாதவர்கூட, 1725-ஐப் பற்றி எதுவும் அறியாதவர்கூட, இந்தக் கோபத்தை லொகேஷனாகப் பார்க்க முடியாது.

இரண்டில் ஒன்று ஒழுக்கமான படம், மற்றது ஒழுக்கக்கேடான படம் என்று நான் சொல்ல வரவில்லை. அழிவின் மேல் அழகைச் செய்யக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் உலகக் கலையில் பாதியை எரிக்க வேண்டியிருக்கும், ஒப்பாரியையும் சேர்த்து. ஆனால் ஒப்பாரியில் செத்தவரின் பெயர் வரும். அவர் சாப்பிட்ட தட்டு வரும், நட்ட மரம் வரும், யாரிடம் ஏமாந்தார் என்பதும் வரும். டி மேயின் படத்தைப் பார்க்கையில் எனக்குக் குறைவது அதுதான்.

நண்பனிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. 'அவங்க பாட்டுக்கு அவங்க ஆடுறது' தான் நிஜம், ரமோ வந்ததும் அது விற்பனை என்று அவன் கோடு போடுகிறான். அந்தக் கோட்டைக் கொஞ்சம் இழுத்தால் அது வேலியாகிவிடும். க்ரம்ப் பற்றி 2005-இல் வந்த 'ரைஸ்' என்ற ஆவணப்படத்தில் ஆட்டக்காரர்கள் அவர்கள் தெருவில், அவர்கள் இசையில்தான் ஆடுகிறார்கள். எடுத்தவர் டேவிட் லஷப்பெல், புகழ்பெற்ற ஃபேஷன் புகைப்படக்காரர். நடுவே ஆப்பிரிக்கப் பழங்குடி நடனக் காட்சிகளை வெட்டி வெட்டி ஒட்டிக் காட்டுவார்: பாருங்கள், இரத்தத்தில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை 2002-இல் கண்டுபிடித்த அசைவை அவனுடையதாக இல்லாமல் ஆக்க இதைவிட நல்ல வழி இல்லை. வயலின் இல்லை, ஓபரா இல்லை, சொந்தத் தெரு. ஆனாலும் 'லே சொவாஜ்' அங்கேயும் வந்துவிட்டது.

மறுபக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. 2020 மார்ச். பினா பௌஷ் 1975-இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'க்கு அமைத்த நடனத்தை 14 ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த 38 நடனக்கலைஞர்கள் செனகலில், ஜெர்மெய்ன் அகோனியின் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தார்கள். அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்பு கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. கலைந்து போவதற்கு முன் டூபாப் டியாலாவ் கடற்கரை மணலில் ஒரு மாலை முழு நடனத்தையும் ஆடினார்கள், அது படமானது. ஒரு ரஷ்யரின் இசை, ஒரு ஜெர்மானியரின் அசைவு. கூட்டம் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துச் சாகும்வரை ஆடவிடுகிற கதை. வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது. பௌஷ் மேடையில் கொட்டிய மண்ணுக்குப் பதில் அங்கே கடற்கரை மணல். அவர்களிடம் போய் 'உங்க பாட்டுக்கு ஆடுங்க' என்று யார் சொல்வது? ஸ்ட்ராவின்ஸ்கி யாருடைய பாட்டு?

இதை அவனிடம் சொன்னேன். "அது வேற. அவங்களுக்கு ஸ்கூல் இருக்கு, சொல்லித்தர ஆள் அவங்க ஆளு" என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. கோஜிதூரின் படத்துக்கு நடன அமைப்புச் செய்தவர்களில் பின்டூ டெம்பெலே இருக்கிறார், தெரு நடனத்திலிருந்து வந்தவர். கோஜிதூர் சட்டகத்தைக் கொடுத்தார், உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பது தெருவின் கையில் இருந்தது. அது ஓரளவு மாற்றுகிறது. எவ்வளவு மாற்றுகிறது என்பதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

பாரிஸில் வேடிக்கை பார்க்கப்பட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. 1838-இல் கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் ஐந்து பேர், நட்டுவனார், வாத்தியக்காரர்களோடு, புதுச்சேரி வழியாகக் கப்பலேறி பாரிஸுக்குப் போனார்கள். ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போனார். பிரெஞ்சுப் பத்திரிகைகளில் அவர்களுடைய பெயர்கள் சிதைந்து கிடக்கின்றன: அமானி, ராம்கூன், சவுந்திரூன். அம்மணி, ரங்கம், சுந்தரம் என்று நாம் நிமிர்த்தி வாசித்துக்கொள்ள வேண்டும். கவிஞர் தியோஃபில் கோத்தியே அம்மணியைப் பார்த்து மயங்கிப் பக்கம் பக்கமாக எழுதினார். ஜான்-ஓகுஸ்த் பார் என்ற சிற்பி அவளுக்கு வெண்கலத்தில் ஒரு சின்னச் சிலை செய்தார்.

இதில் என்னை வாட்டுகிற விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் போய் இறங்குவதற்கு எட்டு வருடம் முன்பே, 1830-இல், ஓபேர் இசையில் 'கடவுளும் பயதேரும்' என்ற ஓபரா-பாலே பாரிஸில் அரங்கேறிவிட்டது. பயதேர் என்றால் அவர்கள் மொழியில் தேவதாசி. மரி தாக்லியோனி அந்த வேடத்தில் கால்விரல் நுனியில் மிதந்து ஊரையே மயக்கியிருந்தார். எனவே திருவந்திபுரத்துப் பெண்கள் மேடையேறியபோது பாரிஸ் அவர்களைத் தாக்லியோனியோடு ஒப்பிட்டது. நிஜம் போய் நகலுக்கு முன்னால் கைகட்டி நின்று தேர்வெழுத வேண்டியிருந்தது. சிலர் தேர்ச்சி கொடுத்தார்கள், சிலருக்கு நகலே பிடித்திருந்தது. அரை அடி உட்கார்ந்து தரையைத் தட்டுகிற ஆட்டம், மிதக்கிற ஆட்டத்துக்குப் பழகிய கண்களுக்கு எப்படிப் பட்டிருக்கும்?

அந்த மாலைகளில் அம்மணி என்ன பார்த்தாள்? மேடை விளக்குகளுக்கு அப்பால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்கள் அவளுக்கு என்னவாகத் தெரிந்தன? நமக்கு மிஞ்சியிருப்பது கோத்தியேயின் கண்கள்தான். வெண்கலச் சிலை திரும்பிப் பார்க்காது. 1725-இல் ஆடிய இருவரிடமிருந்து ஒரு மெட்டு மிஞ்சியது, இவளிடமிருந்து ஒரு கட்டுரையும் ஒரு சிலையும். மூன்றும் அழகானவை. மூன்றும் பார்த்தவர்களுடையவை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மறுபடியும் கோஜிதூரைப் பார்த்தால், ரமோவைவிட முக்கியமான ஒன்று கண்ணில் படுகிறது. அது வட்டம்.

ஓபரா அரங்கு ஒரு பெட்டி. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்தது. திறந்த பக்கத்தில் காசு கொடுத்தவர்கள் உட்காருவார்கள். பாஸ்டீலில் 2,700-க்கும் மேல் இருக்கைகள். மேடையில் நடக்கிற எல்லாம் அந்தத் திறந்த பக்கத்தை நோக்கியே நடக்கும். இத்தாலிய அரங்கில் ஆடிய இருவரும், அம்மணியும் அந்தத் திசையை நோக்கித்தான் ஆடியிருக்க வேண்டும். க்ரம்ப் வட்டத்துக்கு அந்தப் பக்கம் கிடையாது. அங்கே நிற்பவர் எல்லோரும் அடுத்து ஆடப்போகிறவர், அல்லது இப்போதுதான் ஆடி முடித்தவர். வெளியே நிற்கிற ஆளுக்குத் தெரிவது முதுகுகள் மட்டும். அந்த மேடையில் அவர்கள் ஒரு வட்டம் போட்டார்கள் என்பதன் பொருள், இரண்டாயிரத்து எழுநூறு இருக்கைகளுக்கும் முதுகைக் காட்டினார்கள் என்பது.

இருக்கைகளில் யாரும் இல்லை, படப்பிடிப்புதானே என்று சொல்லலாம். உண்மைதான். 2019-இல், பாரிஸ் ஓபராவின் 350-ஆவது ஆண்டில், இதே கோஜிதூரும் டெம்பெலேயும் முழு ஓபராவையும் அதே அரங்கில் மேடையேற்றினார்கள், ஆள் நிறைந்த அரங்கில். பதிவைப் பார்த்தேன். அந்த நடனம் வரும்போது கூட்டம் கொந்தளிக்கிறது. எனக்கு அது படத்தின் அளவுக்கு இறங்கவில்லை. பெட்டியின் திறந்த பக்கம் மறுபடியும் வேலை செய்யத் தொடங்கிவிட்டதுபோல இருந்தது. கைதட்டல் எவ்வளவு பெரிதாக இருந்ததோ அவ்வளவுக்கு, ஆட்டம் யாருக்காக என்ற கேள்வி எனக்குள் திரும்ப வந்தது. நேரில் அங்கே உட்கார்ந்திருந்தால் நானும் எழுந்து நின்று தட்டியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

படத்தில் கேமரா எங்களைப் போன்றவர்களை அந்த முதுகுகளைத் தாண்டிக் கூட்டிப்போகிறது. அது சலுகையா, அத்துமீறலா? காண்ட் 1790-இல் அழகைப் பற்றி எழுதியபோது, ரசிப்பவருக்கு ரசிக்கப்படும் பொருளின்மேல் சொந்த நலன் எதுவும் இருக்கக்கூடாது என்றார். தூரத்தில் நின்று, ஆசையோ பயனோ இல்லாமல் பார்ப்பது. அந்த ரசிகருக்குத் தோதான இடம் ஓபராவின் பால்கனி இருக்கை. வட்டத்துக்குள் அப்படி ஒருவர் நிற்கவே முடியாது. கத்த வேண்டும், உசுப்ப வேண்டும், உன் முறை வந்தால் நடுவே போக வேண்டும். கேமரா உள்ளே நிற்கிறது, அதன் முறை மட்டும் வருவதில்லை. நானும் அப்படித்தான் நிற்கிறேன், மடியில் லேப்டாப்போடு. இந்தப் பாதி நிலை எனக்கு உறுத்துகிறது. ஆனால் பால்கனியைவிட இந்த உறுத்தல் மேல் என்று நினைக்கிறேன். புல்லரிப்பை நான் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, அது வரும்போது சத்தத்தை அணைத்து ஒரு தடவை முகங்களைப் பார்ப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டேன். அச்சம் வருகிறதா என்று பார்ப்பதற்கு.

போன மாதம் நண்பன் அறைக்கு வந்திருந்தான். பேச்சு மறுபடியும் அங்கேயே போனது. "சரி, போடு பார்ப்போம். சத்தத்த அணைச்சுடு" என்றான். சின்னப் பறையை மடியில் வைத்துக்கொண்டான். எதுவும் எதற்கும் பொருந்தும் என்ற என் தத்துவத்தை அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன், எனவே பொருந்தினாலும் நான் ஆச்சரியப்படப் போவதில்லை என்ற நிலையில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் கூட்டத்துக்கு வாசிக்கவில்லை. முதலில் சும்மா விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். நடுவே ஒரு பையன் வந்ததும் கண் அவன் மேல் நின்றது. அந்தப் பையன் மார்பை எறிந்த கணத்தில் அடி விழுந்தது, அவன் உறைந்து நின்ற கணத்தில் அடி நின்றது. அடுத்த ஆள் வந்தபோது அடி மாறியது. தாளம் கணக்கில் இல்லை, அந்தந்த ஆளிடம் இருந்தது. எங்கோ ஓரிடத்தில் ஒரு பெண் எதிர்பாராத பக்கம் திரும்பினாள், அவன் கை காற்றில் தவறி, குச்சி கட்டையில் பட்டது.

"ச்சே, ஏமாத்திட்டா" என்றான். முகத்தில் சிரிப்பு. அவன் அடியை ஒருவர் ஏமாற்றிவிட்டுப் போனதில் அவனுக்கு வந்த சிரிப்பு.

"பின்னாடி ஓட்டு. அவ வர்ற எடத்துலேர்ந்து."